பழைய வாள், புதிய ஓசை



சலனப்படத்தைப் பற்றி வானொலியிற் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். படம் பார்ப்பதற்குரியது, வானொலியோ கேட்பதற்குரியது. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வானொலியே தக்க இடமென்று கருதுகின்றேன். ஏனெனின், நான் பேசப்போவது படத்தின் காட்சியைப் பற்றியன்று. அதன் ஓசையைப் பற்றி. அதிலும், பழைய சண்டைப் படங்கள் வீட்டிலிருந்து பார்க்கும் ஒளிநாடாக்களாகவும் இறுவட்டுக்களாகவும் மறுபிறவி எடுத்தபோது, அவற்றின் ஓசைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி.

அம்பாறைக் கரையிலே, பொத்துவிலுக்கு வடக்கே, கோமாரி என்றொரு சிற்றூர் உண்டு. இலங்கைத் தீவின் கிழக்கு நுனியெனப்படும் சங்கமன்கண்டி முனை அதன் அயலிலேதான் இருக்கின்றது. நான் அவ்வூரிற் பிறந்து வளர்ந்தவன். எங்களூரிற் படமாளிகை கிடையாது. படம் பார்க்க விரும்பினால் திருக்கோவில், தம்பிலுவில் எல்லாம் கடந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லவேண்டும். இன்னும் ஆவலிருந்தால் நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது வழியாகக் கல்முனைக்கே போய்ச் சேரவேண்டும். பஸ் காசும் நுழைவுச் சீட்டுக் காசும் சேர்ந்து கையில் இருப்பது ஆண்டுக்கு இரண்டு முறையோ மூன்று முறையோதான். ஆகவே, எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் பெரும்பாலான படங்களைப் பார்க்குமுன் கேட்டே அறிந்திருந்தோம். சில படங்களைக் கேட்டதோடு சரி.

கேட்பதற்கு வழிகள் பல இருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் இந்திய வானொலி 'ஒலிச்சித்திரம்' என்ற பெயரில் ஒரு முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கி ஒலிபரப்பும். காற்று எங்கள் பக்கம் வாய்ப்பாக வீசினால் அது தெளிவாகக் கேட்கும் என்று நாங்கள் நம்பினோம்; வானொலி அலைக்கும் கடற்காற்றுக்கும் தொடர்பில்லை என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டுபவர்கள் 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போன்ற படங்களின் கதைவசன இசைத்தட்டுக்களை ஓடவிடுவார்கள். முஸ்லிம் ஊர்களில் நாகூர் ஹனிபாவின் பாடல்கள் முடிந்ததும், பெரியவர்கள் உறங்கச் சென்ற பின்னர், படத்துப் பாட்டும் வசனமும் மெல்லத் தலைகாட்டும். இவ்வாறு கேட்டுக் கேட்டு, இன்ன படத்தில் இன்ன இடத்தில் வாள் எத்தனை முறை மோதும், கதவு எப்போது உடையும், குதிரை எத்தனை எட்டு வைத்த பின் வசனம் தொடங்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகியிருந்தது. பாடலை மனப்பாடம் செய்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஓசையை மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள்.

எனக்கு அவ்வாறு நெஞ்சில் பதிந்தது 'ஆயிரத்தில் ஒருவன்'. பி. ஆர். பந்துலு இயக்கிய அப்படம் 1965 இல் வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதற்படம். விசுவநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து இசையமைத்த காலத்தின் கடைசிப் படங்களுள் ஒன்று. அடிமைகள், கடற்கொள்ளையர், கப்பல்கள், நம்பியாரோடு வாட்போர் என்று கடலோரப் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. அதே ஆண்டில் எம்.ஜி.ஆர். இலங்கைக்கு வந்து சென்றதும் சேர்ந்துகொள்ள, அப்படத்தின் புகழ் இங்கே நெடுங்காலம் குன்றவில்லை. வானொலியில் அந்த ஒலிச்சித்திரம் வந்தபோது என் மாமா தமது கசற் கருவியில் அதனைப் பதிந்து வைத்தார். அந்தக் கசற் எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது வீட்டோடு அதுவும் போயிற்று. உயிர்களையே பறிகொடுத்த கரையிலே ஒரு கசற்றைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்று நெடுநாள் தயங்கியிருக்கின்றேன். ஆனால் அந்த ஓசையைத் தேடிப் போனதனாலேதான் இன்று பேசும் விடயங்களை நான் அறிந்துகொள்ள நேர்ந்தது.

முதலில், அந்தக் காலத்துப் படச்சுருளில் ஓசை எப்படி இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். 35 மில்லிமீற்றர் அகலமுள்ள சுருளின் ஓரத்திலே, படங்களுக்கும் துளைகளுக்கும் இடையில், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு கோடு ஓடும். ஓசைக்கேற்ப அக்கோடு அகன்றும் குறுகியும் செல்லும். அதன்மீது ஒளி பாயும்போது, ஊடுருவிச் செல்லும் ஒளியின் ஏற்றத்தாழ்வை ஒளிமின்கலம் மின்னோட்டமாக மாற்றும். அது பெருக்கப்பட்டுத் திரைக்குப் பின்னாலுள்ள ஒலிபெருக்கிக்குச் செல்லும். வசனம், இசை, வாளோசை, இடியோசை எல்லாம் அந்த ஒரே கோட்டுக்குள் அடங்க வேண்டும். இதனையே ஒற்றைத்தட ஒலி என்கிறோம். மிக நுண்ணிய கீச்சொலிகளும் மிகத் தாழ்ந்த உறுமல்களும் அதில் நிற்கமாட்டா. ஆதலின் அக்காலத்து ஒலிப்பதிவாளர் அக்குறையை அறிந்தே தொழில் செய்தார். வாள் மோதும்போது இசையைத் தாழ்த்தினார். வசனம் வரும்போது கடலலையை நிறுத்தினார். எது முன்னே நிற்கவேண்டும், எது பின்னே போகவேண்டும் என்பதை அவருடைய காதே தீர்மானித்தது.

திரையில் மோதும் வாள்கள் பெரும்பாலும் கூரற்ற நடிப்பு வாள்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள். நாம் கேட்கும் 'கணீர்' ஒலி, படம் எடுத்த பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் உலோகத்தைத் தட்டிச் சேர்க்கப்பட்டதாக இருக்கலாம். அல்லது முன்னரே பதிந்து வைத்த ஓசைகளிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் அந்த ஓசை பொய்யா? மேடையில் அரிதாரம் பொய்யா என்று கேட்பது போன்றது அது. பொய்யோ மெய்யோ, அதைச் செய்தவர் ஒருவர் இருந்தார். அந்தப் படத்துக்கென்று அந்த ஆண்டில் செய்தார். சண்டைப் பயிற்சியாளர் பெயரேனும் திரையில் வரும். வாளைத் தட்டியவர் பெயர் பெரும்பாலும் வந்ததில்லை.

குரலுக்கு இதைவிடப் பெரிய மதிப்பு உண்டு. 1967 ஜனவரி 12 ஆம் திகதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் குண்டு பாய்ந்து, உயிர் பிழைத்தாராயினும் அவருடைய பேச்சு முன்போல் இல்லாமற் போயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த 'காவல்காரன்' படத்தின் படப்பிடிப்பு அச்சம்பவத்துக்கு முன்பும் பின்பும் நடந்தது. இரவல் குரல் வைத்துக்கொள்ளாமல் தமது குரலிலேயே அவர் தொடர்ந்து பேசினார். மக்களும் அதை ஏற்றுக்கொண்டனர். ஆகவே 1965 ஆம் ஆண்டுப் படத்தின் ஒலித்தடம் என்பது, பின்னர் எவராலும் திரும்பப் பெறமுடியாத ஒரு குரலின் பதிவாகும். அதனை மெருகிடுகிறோம் என்று தேய்த்துவிட்டால், தேய்ந்து போவது இரைச்சல் மட்டுமன்று.

இனி வீட்டுக்கு வந்த படங்களின் கதைக்கு வருவோம். இலங்கையில் 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்த பின்னர்ப் படங்களின் இறக்குமதி அதன் கைக்கு வந்தது. புதுப் படங்கள் குறைந்தன. பழைய பிரதிகளே திரும்பத் திரும்ப ஓடின. திரையில் மழை பெய்யும். ஒலித்தடத்தில் விழுந்த கீறல்கள் எண்ணெயிற் கடுகு வெடிப்பது போலப் பொரியும். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எங்கள் கரையிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லத் தொடங்கினர். கல்முனை, மருதமுனை, சம்மாந்துறை, நிந்தவூர் வீடுகளுக்கு அவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் இரண்டு கதவு வைத்த பெரிய ரேடியோ கசற் ஒன்று. 'டெக்' என்று நாங்கள் அழைத்த ஒளிநாடாக் கருவி மற்றொன்று. 1979 இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 இல் ரூபவாஹினி வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ரி.வி.யை முதலில் மதிப்புள்ள பொருளாக்கியது டெக்கே. மின்சாரம் இல்லாத ஊர்களிலும், போர் தொடங்கிய பின்னர் மின்சாரம் இருந்தும் வராத இரவுகளிலும், ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து முற்றத்தில் ரி.வி.யை வைத்து ஓரிரவில் மூன்று படம் பார்த்தோம். ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு மேலாக வாள் மோதவேண்டும் என்பதற்காகச் சத்தத்தை முழுக்கக் கூட்டிவைப்போம். ஒலிநயத்தைப் பற்றிப் பேச அங்கே எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் ஒரு சிறு வேறுபாட்டை அப்போதே நான் உணர்ந்தேன். வானொலியில் கேட்ட எம்.ஜி.ஆரைவிட டெக்கில் பேசிய எம்.ஜி.ஆர். சற்றே அவசரக்காரராகத் தோன்றினார். குரலும் இழையளவு மெலிந்திருந்தது. எவரும் நம்பவில்லை. காரணம் எளியது. படமாளிகையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். இலங்கையிலும் வளைகுடாவின் பல பகுதிகளிலும் வழங்கிய 'பால்' முறைத் தொலைக்காட்சியிலோ விநாடிக்கு 25. படச்சுருளை அம்முறைக்கு மாற்றுவோர், சுருளையே சற்று விரைவாக ஓடவிட்டு ஒன்றுக்கு ஒன்றாகப் பதிந்துவிடுவது வழக்கம். 175 நிமிடப் படம் 168 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துவிடும். ஏழு நிமிடம் எங்கே போயிற்று என்று கேட்டால், எங்கும் போகவில்லை. எல்லாரும் சற்று விரைந்து பேசி, விரைந்து வெட்டி, விரைந்து இறந்துவிட்டார்கள்.

இதற்குள் படமாளிகைகளின் ஒலி வேறு திசையிற் சென்றுகொண்டிருந்தது. 1975 ஆகஸ்ட் 15 இல் வந்த 'ஷோலே' 70 மில்லிமீற்றர் பிரதியிலே பலதட ஒலியோடு ஓடிற்று. அப்படத்தின் வசனங்கள் தனி இசைத்தட்டாக வெளிவந்து, பாடல்களுக்கு ஈடாக விற்றதையும் இங்கே நினைவுகூரலாம். ஓசையை மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர் என்பதற்கு அது சான்று. தமிழில் 1986 இல் 'மாவீரன்' ஆறுதட ஒலியோடு 70 மில்லிமீற்றரில் வந்தது. 1995 இல் 'குருதிப்புனல்' டொல்பி முறையில் வந்தது. ஆறு தடங்களில் பதிந்த 'மாவீரன்' ஒளிநாடாவாகிக் கல்முனைக்கு வந்தபோது, ரி.வி.யின் பக்கவாட்டில் இருந்த ஒரேயொரு சிறு ஒலிபெருக்கி வழியாகத்தான் எங்களுக்குக் கேட்டது. ஆறும் ஒன்றாயிற்று. பின்னர், ஒன்று ஆறாகும் விந்தையையும் கண்டோம், அதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வி.சி.டி. வந்தது. அதில் இடம், வலம் என இரண்டு ஒலிவழிகள் மட்டுமே உண்டு. ஹொங்கொங் வணிகர்கள் அதற்குள்ளும் ஒரு தந்திரம் செய்தனர். இடவழியில் கன்ரனீஸ் மொழியையும் வலவழியில் மண்டரின் மொழியையும் பதிந்து விற்றனர். ஜாக்கி சானின் சண்டைப் படமொன்று அவ்வாறு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. இரண்டு வழியும் ஒரே ரி.வி.யில் சேர்ந்து ஒலிக்க, ஒவ்வொரு மனிதனும் இரண்டு வாயால் பேசுவது போலிருந்தது. கல்முனையில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த காக்கா ஒருவர்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர்கள் உண்டல்லவா? சிவப்பைப் பிடுங்கினார், ஒரு மொழி போயிற்று. "இரண்டு பேர் கதைச்சா ஒராளை வெளியில அனுப்பணும், தம்பி" என்றார். ஒலித்தடத்தைத் தெரிவு செய்தல் என்ற சங்கதியை நான் முதன்முதலில் கண்டது அப்படித்தான்.

டி.வி.டி. என்ற இறுவட்டு 1996 இல் ஜப்பானில் அறிமுகமாயிற்று. அதன் அமைப்பில் எட்டு ஒலித்தடங்கள் வரை இடமுண்டு. வாசகத் தடங்கள் முப்பத்திரண்டு. 5.1 என்று அட்டைகளில் அச்சிடுகிறார்களே, அது முன்னே மூன்று, பின்னே இரண்டு ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த உறுமலுக்கென்று ஒன்றும் சேர்ந்த அமைப்பு. இந்த வசதி வந்தவுடன் பழைய படங்களை மறுவெளியீடு செய்தோர்க்கு ஓர் ஆசை பிறந்தது. ஒற்றைத்தடப் படம் என்று அட்டையில் போட்டால் யார் வாங்குவார்? 5.1 என்று போடவேண்டும். எனவே அதற்கேற்ப ஒலியைப் பிரிக்கவேண்டும்.

எப்படிப் பிரிப்பது? வசனம், இசை, ஓசை ஆகிய மூன்றும் தனித்தனி நாடாக்களாக இருந்தால் பிரிக்கலாம். பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு எஞ்சியிருப்பது மூன்றும் கலந்த அந்த ஒற்றைக் கோடு மட்டுமே. பாயசத்திலிருந்து சீனியைப் பிரித்தெடுக்கும் வேலை அது. ஆகவே சிலர் கீச்சொலியை ஒரு பக்கமும் தாழ்ந்த ஒலியை மறுபக்கமும் தள்ளி, சற்று எதிரொலி சேர்த்து, பரந்த ஒலி போல ஒரு மயக்கத்தை உண்டாக்கினர். வேறு சிலர் பழைய வாளோசையின்மேல் புதிய வாளோசையை ஒட்டினர். பழைய குத்தின்மேல் புதிய குத்து. பழைய இடியின்மேல் அறையை அதிரவைக்கும் புதிய இடி. வசனத்தின் பின்னாலிருந்த இரைச்சலை நீக்குகிறோம் என்று வடிகட்டியபோது, குரலின் மூச்சும் கூடச் சேர்ந்து போயிற்று.

ஆழிப்பேரலை அடித்துச் சில ஆண்டுகளின் பின்னர், கல்முனைக் கடையொன்றில் 'ஆயிரத்தில் ஒருவன்' இறுவட்டொன்றைக் கண்டேன். யார் வெளியிட்டது என்பது இங்கே வேண்டாம். அட்டையில் 5.1 என்று பொன்னெழுத்தில் இருந்தது. வாங்கி, நேரே அந்தக் காக்காவின் கடைக்கே கொண்டு சென்றேன். ஆறு ஒலிபெருக்கி வைத்த கருவி அவரிடம்தான் இருந்தது. கடையின் முன்னால் மோட்டார் சைக்கிள்கள் ஓடிக்கொண்டிருக்க, இருவரும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டோம். கப்பல் அசைந்தது, நாற்புறமும் அலை புரண்டது. வாட்போர் வந்தது. நான் இருபது ஆண்டுகளாக எண்ணி வைத்திருந்த மோதல்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு கூடத்தில், வேறொரு காலத்தில் தட்டிய உலோகம். காக்கா சற்று நேரம் பேசாமலிருந்தார். "இது அந்த வாள் இல்ல தம்பி. இது இரும்புக்கடை" என்றார். பிறகு தெரிவுப் பட்டியலை அழுத்திப் பார்த்தார். அதில் ஒலி என்ற பகுதியே இல்லை. எட்டுத் தடங்களுக்கு இடமிருந்த வட்டில் ஒன்றுதான் இருந்தது.

இடமின்மை காரணமென்று எவரும் சொல்லமுடியாது. நானே கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தின் மூல ஒலியை, விநாடிக்கு 192 கிலோபிற் என்ற தாராளமான அளவிற் பதிந்தாலும், 4.7 ஜிகாபைற் வட்டில் அது இருபதில் ஒரு பங்குதான் வரும். முன்னால் ஓடும் விளம்பரங்கள் சில வட்டுகளில் அதைவிடக் கூடுதலான இடத்தைப் பிடித்திருக்கின்றன.

இந்தக் குறை எங்களுக்கு மட்டும் உரியதன்று. 'ஜோஸ்' என்ற சுறாமீன் படம் 1975 இல் ஒற்றைத்தட ஒலியோடு வெளிவந்து, அந்த ஒலிக்காகவே ஒஸ்கார் பரிசும் பெற்றது. 2000 இல் அதனை டி.வி.டி.யாக வெளியிட்டபோது பரிசு பெற்ற ஒலியை விட்டுவிட்டு, சில ஓசைகளை மாற்றிய 5.1 கலவையை வைத்தனர். ரசிகர்கள் முறையிட்டனர். 2012 இல் புளூ-ரே வட்டு வந்தபோதுதான் மூல ஒலி மீண்டது. ஹிட்ச்கொக்கின் 'வேர்ட்டிகோ' படத்தை 1996 இல் புதுப்பித்த ராபர்ட் ஹாரிசும் ஜேம்ஸ் காற்சும் அத்தொழிலில் தேர்ந்தவர்கள், நல்லெண்ணத்தோடு செய்தவர்கள். அவர்களும் காலடியோசை, துப்பாக்கியோசை முதலியவற்றைப் புதிதாகப் பதிந்தபோது கண்டனத்துக்கு ஆளாயினர். வணிகரின் பேராசையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன். கெட்டுப்போன நாடாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற இக்கட்டு உண்மையானது.

புரூஸ் லீயின் படங்களின் கதை இன்னும் சுவையானது. அக்காலத்து ஹொங்கொங் படங்கள் பெரும்பாலும் ஒலியின்றி எடுக்கப்பட்டுப் பின்னரே குரல் சேர்க்கப்பட்டன. ஆகவே 'மூலம்' எது என்பதே கேள்விக்குரியது. 1971 இல் வந்த 'தி பிக் பொஸ்' படத்துக்கு மண்டரின் பிரதியில் ஓர் இசை. ஆங்கிலப் பிரதிக்கு ஜேர்மன் இசையமைப்பாளர் பீற்றர் தோமஸ் செய்த வேறோர் இசை. பின்னாளில் கன்ரனீஸ் பிரதிக்கு இன்னோர் இசைக்கோவை. எந்த ஊரில் எதைக் கேட்டு வளர்ந்தாரோ அவருக்கு அதுவே புரூஸ் லீ. 2020 இல் அமெரிக்காவின் கிரைற்றீரியன் நிறுவனம் அவருடைய படங்களை ஒரு பேழையாக வெளியிட்டபோது, ஒன்றுக்கு மேற்பட்ட ஒலித்தடங்களை வட்டில் வைத்து, தெரிவை வாங்குவோரிடம் விட்டது. சிவப்பு வயரைப் பிடுங்கும் வேலை இல்லை.

தமிழகத்தில் மறுவெளியீடுகள் படமாளிகைகளிலேயே பெரிதாக நடந்தன. 1964 ஆம் ஆண்டின் 'கர்ணன்' டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரையிடப்பட்டபோது பெருங்கூட்டம் வந்தது. 'ஆயிரத்தில் ஒருவன்' 2014 மார்ச்சிலும், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 2015 ஆகஸ்டிலும், 'பாட்சா' 2017 மார்ச்சிலும் அவ்வழியே மறுபடி திரைக்கு வந்தன. இவற்றை நான் குறைகூற வரவில்லை. இன்றைய படமாளிகையின் சுவர் முழுவதும் ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் வரும் பழைய ஒலியைக் கேட்டால் இளைஞர், கருவி பழுதென்று எண்ணக்கூடும். கர்ணனின் தேரோசை பின்னாலிருந்து வந்ததனால் ஒரு சிறுவன் சிவாஜி கணேசனை முதன்முறை பார்த்தானென்றால் அது இலாபமே. ஆனால் படமாளிகைக்கு ஒரு நேரத்தில் ஓர் ஒலிதான் வேண்டும். வீட்டு வட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாற்றியதை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றாததையும் பக்கத்தில் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

செய்யக்கூடிய காரியந்தான் இது. 'ஷோலே' படத்தின் புதுப்பித்த பிரதி 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனியா நகரில் திரையிடப்பட்டது. பம்பாயைச் சேர்ந்த திரைப்பட மரபுரிமை அறக்கட்டளை அதனைச் செய்தபோது, மூல ஒலிப் பொருள்களைத் தேடியெடுத்தே ஒலியைச் சீரமைத்தது. தேடினால் கிடைப்பவை இன்னும் உண்டு.

தேடியும் கிடைக்காதவையும் உண்டு. 1931 ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' தமிழின் முதற் பேசும் படம். அதன் பிரதியொன்றும் இன்று இல்லை. நம் நாட்டில் 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் எரிந்தன. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றை இன்றைய இளைஞர் பாடல்களாகவே அறிவர். வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்ததனால் அவை தப்பின. காட்சி போனாலும் ஓசை தப்பியிருக்கும் விந்தை எங்களுக்குப் புதிதன்று. மறுபுறத்தில், காட்சியை மட்டும் பளபளவென்று மீட்டுவிட்டு ஓசையைக் கைவிடுவதுதான் எனக்கு விளங்காத செயல்.

இப்போது இறுவட்டு வாணிபமும் ஓய்ந்துவிட்டது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வட்டு விற்ற கடைகள் பல கைத்தொலைபேசிக் கடைகளாகிவிட்டன. படங்கள் இணையத்தில் வருகின்றன. பழைய தமிழ்ப் படமென்றால் பெரும்பாலும் ஒரே ஒலித்தடந்தான், அதுவும் எந்தப் பிரதியிலிருந்து எடுத்ததென்று எழுதாமல். ஆதலின் பழைய ஒலி எங்கேனும் இருந்தால், அது ஒளிநாடாக்களிலும், கதைவசன இசைத்தட்டுக்களிலும், வானொலியிலிருந்து வீட்டார் பதிந்த கசற்றுக்களிலுமே இருக்கின்றது. கிழக்குக் கரையில் ஒலிபெருக்கித் தொழில் செய்த குடும்பங்களின் பெட்டிகளில் இன்னும் எத்தனை கிடக்கின்றனவோ. பூஞ்சணம் பிடித்த நாடாவைத் தூக்கி எறியாதீர்கள். உலர்த்திச் சுத்தம் செய்து ஒரு முறையாவது ஓடவிட்டுப் பதிந்துகொள்ளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அண்மையில் காக்கா எனக்கொரு செய்தி அனுப்பினார். நிந்தவூரில் முன்னர் ஒலிபெருக்கி கட்டிய ஒருவர் வீட்டில் பழைய கசற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றுள் ஒன்றின் மேல் பென்சிலால் 'ஆ. ஒருவன் - வானொலி' என்று எழுதியிருந்தது. போனேன். அவர் கடையில், கதவைச் சாத்தாமலே, ஓடவிட்டோம். அலைவரிசை சற்று விலகி, பின் சரியாயிற்று. அடிமைகளின் ஆரவாரம், கப்பல், அதன்பின் அந்தக் குரல், 1965 ஆம் ஆண்டின் குரல், சரியான வேகத்தில். அறுபது நிமிடக் கசற் அது; பக்கத்துக்கு முப்பது நிமிடம். வாட்போர் இரண்டாம் பாதியில் வரும் என்பது எனக்குத் தெரியும். மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார் காக்கா. யாரோ அதன்மேல் ஒரு பயானைப் பதிந்திருந்தார்கள். இருவரும் அதைக் கடைசி வரை கேட்டோம், முடிவிலாவது பழைய பதிவு சற்று எஞ்சியிருக்குமோ என்று. இருந்தது, நான்கு விநாடி. ஒரே ஒரு மோதல்.